பர்ன்லி, நூற்று நாற்பது

உங்கள் கண்காட்சியை நேற்று நூலகத்தில் பார்த்தேன். படங்களை அழகாக வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். ஒரே ஒரு திருத்தம்: ஆக்டோபஸ் ராட்டினத்துக்கு ஏழு கைகள்தான். எட்டாவது கை, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் லாரியிலிருந்து இறக்கும்போது விழுந்து உடைந்துவிட்டது. மூன்று கோடையும் அது ஏழு கைகளோடுதான் சுற்றியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை.

‘டிரைட்டன் கடல் பூங்கா பற்றிய உங்கள் இனிய நினைவுகளை எழுதிப் பெட்டியில் போடுங்கள்’ என்று மேசைமேல் தாள் வைத்திருந்தீர்கள். தாள் சிறியது. பத்துத் தாள்களை எடுத்து வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆட்ரி ஹாரக்ஸ். கல்யாணத்துக்கு முன் ஆட்ரி கிளெக். பூங்கா திறந்த 1969 முதல் மூடிய 1971 வரை அங்கே கடல்கன்னியாக வேலை பார்த்தேன். நான்காம் பலகையில், சிமெண்டுச் சிப்பிமேல் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான். இன்று என்னைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

நான் எழுதுவது ஐந்தாம் பலகையைப் பற்றி. ‘1971 ஜூலையில், காற்றுப் பம்பு சரிவரக் கவனிக்கப்படாததால் லினெட் என்ற இருபது வயதுப் பெண் காட்சியின் நடுவே மூழ்கி இறந்தார். பம்புக்குப் பொறுப்பாக இருந்தவர் வில்ஃப் ஹாரக்ஸ்’ என்று அதில் போட்டிருக்கிறீர்கள். வில்ஃப் என் கணவர். போன பிப்ரவரியில் காலமானார். அந்தப் பம்பு அந்தக் காட்சியின்போது ஒரு நொடிகூட நிற்கவில்லை. அந்த வரியை நீங்கள் எடுத்துவிட வேண்டும். காரணம் சொல்லாமல் கேட்டால் எடுக்க மாட்டீர்கள். அதனால்தான் இவ்வளவு தாள்.

பூங்காவை நீங்கள் நினைக்கிற அளவுக்கு யாரும் கொண்டாடவில்லை. திமிங்கலத்தின் வாய் வழியாக உள்ளே வர வேண்டும். அந்த வாய் எப்போதும் ஈரச் சிமெண்டு நாற்றம் அடிக்கும். சுவரொட்டியில் இருந்த டால்பின் கடைசிவரை வரவில்லை. இரண்டு கடல்சிங்கங்கள் இருந்தன, இரண்டுக்கும் கோபம். நம் ஊர் சாண்ட்ஹோம் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனங்கள் மழைக்கு ஒதுங்கத்தான் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். வட்டமான ஆழத் தொட்டி, கீழே கண்ணாடிச் சன்னல்கள், சுற்றிப் படிப்படியாக மரப் பெஞ்சுகள். நானூறு பேர் உட்காரலாம்.

தொட்டிக்குள் மூன்று இடங்களில் ரப்பர் குழாய் தொங்கும். சுவருக்குப் பின்னால் வில்ஃப்பின் கொட்டகையில் ஓடுகிற பம்பிலிருந்து அதில் காற்று வரும். நீந்துவோம், குழாயை வாயில் வைத்து ஒரு மூச்சு வாங்குவோம், விட்டுவிட்டு மறுபடி நீந்துவோம். கண்ணைத் திறந்தபடி, வாயை மூடியபடி சிரிக்க வேண்டும். இது லேசான காரியம் இல்லை. கடல் தண்ணீர், கோடையிலும் பல் கிட்டிப்போகும்.

விதிகள் இரண்டுதான். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் கடல்கன்னி தண்ணீருக்கு மேலே தலையை நீட்டக் கூடாது. இது முதல் விதி. ஒருத்தி உள்ளே இருக்கும்போது இன்னொருத்தி மேலே, பொய்ப்பாறைக்குப் பின்னால், திட்டில் காவல் நிற்பாள். உள்ளே இருப்பவள் உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்தால் மட்டுமே காவல்காரி குதிக்கலாம். இது இரண்டாவது. முதல் கோடையில் ஒருத்தி பயந்துபோய்க் காரணமில்லாமல் குதித்து, முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் வீறிட்டு அழுததால் வந்த விதி அது. விதிகளைப் போட்டவர் டெஸ்மண்ட். கப்பல் தலைவன் தொப்பி வைத்துக்கொண்டு மைக்கில் பேசுகிறவர். கப்பலில் அவர் கால் வைத்ததே இல்லை.

எண்ணும் பழக்கமும் டெஸ்மண்ட் கொண்டுவந்ததுதான். ஆலை ஊர்கள் அப்போது ஊருக்கு ஒரு வாரம் என்று விடுமுறை விடும். அந்த வாரம் தறிகள் எல்லாம் நிற்கும், ஊரே பெட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்துவிடும். இந்த வாரம் ஓல்டம் என்றால் அடுத்த வாரம் வேறு ஊர். தெருவில், சிப்ஸ் கடையில், எங்கே பார்த்தாலும் ஒரே ஊர்க்காரர்கள். டெஸ்மண்ட் அதைப் பிடித்துக்கொண்டார். காட்சியின் முடிவில் கடல்கன்னி குழாயை விட்டுவிட்டு, அடியில் இருக்கும் புதையல் பெட்டிமேல் உட்கார்ந்து தலை வாருவாள். எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருக்கிறாள் என்று பிள்ளைகள் சத்தமாக எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை கடல்கன்னிக்கு இல்லை, ஊருக்கு. வாசல் பலகையில் ஊர்ப் பெயரைப் போட்டு எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார்கள்.

“போன வாரம் ஓல்டம்காரப் பசங்க நூத்தி ரெண்டு எண்ணிட்டுப் போனாங்க,” என்பார் டெஸ்மண்ட். “நீங்க என்னடா, தறி ஓட்டத்தான் தெரியுமா? எண்ணத் தெரியாதா?”

அவ்வளவுதான். கூரை பிய்ந்துகொண்டு போகும்.

பலகையின் உச்சியில் பூங்கா மூடும் ஆண்டு வரை நின்ற எண் என்னுடையது. ராச்டேல் வாரம், 1970, நூற்று இருபத்தேழு. நான் அதைத் தந்திரம் செய்து வாங்கவில்லை. அசையாமல், மனதை வெறுமையாக வைத்துக்கொண்டு, நிதானமாக இருந்து வாங்கினேன். நிதானம் எனக்குப் பிறவிக்குணம்.

இனி வில்ஃப். முப்பத்திரண்டு வயது அவருக்கு, எனக்கு இருபத்தாறு. பேச்சு குறைவு, கை எப்போதும் எண்ணெயாக இருக்கும். காட்சி முடிந்து நாங்கள் விறைத்துப்போய்ப் பின்பக்கம் ஏறி வரும்போது பம்பின் மூடிமேல் துண்டுகளைப் போட்டுச் சூடாக்கி வைத்திருப்பார். மூடியில் ஒரு இடம் மட்டும் நன்றாகச் சுடும். அங்கே இரண்டு கோடையும் என் துண்டுதான் இருந்தது. “மீனுக்கு எதுக்கு டீ, ஒரு புழு குடுத்தாப் போதாதா?” என்று கேட்டுக்கொண்டே டீயும் கொடுப்பார். எங்களுக்குள் பேச்சு எதுவும் ஆகவில்லை. ஆக வேண்டிய அவசியம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. குளிர்காலத்தில் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. என் அம்மா அவர் காலுறையைத் தைத்துக் கொடுப்பாள். ஊர் எங்களைச் சேர்த்தே பேசியது.

லினெட் 1971 மே மாதக் கடைசியில் வந்தாள். பர்ன்லிக்காரி. நெசவாலைச் சந்தில் விளையாடி வளர்ந்தவளுக்கு நீச்சல் எங்கே வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது. கெட்டவள் இல்லை. கலகலப்பானவள். தண்ணீருக்குள்ளேயே கன்னத்தை உப்பிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாள். ஒருநாள் உடை மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும், “ஆட்ரி, தண்ணிக்குள்ளகூட இஸ்திரி போட்ட மாதிரியே இருக்கீங்களே, எப்படி?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் நடுவில் ஒரு பிற்பகல், மேலே ஏறி வந்தேன். சுடுகிற இடத்தில் நீலக் கோடு போட்ட துண்டு கிடந்தது. லினெட்டுடையது. என்னுடையது ஓரத்தில் இருந்தது.

“அவ சின்னப் பொண்ணு, நடுங்குறா,” என்றார் வில்ஃப். “நீ கல்லு மாதிரி ஆளு ஆட்ரி. உனக்கென்ன.”

பாராட்டாகத்தான் சொன்னார். அவருக்கு மறைத்துப் பேச வராது. அன்று மாலை வீடு போய்ச் சேரும்வரை என் உடம்பில் சூடு ஏறவில்லை. எனக்குப் பொறாமை இருந்தது என்று எழுதிவிடுகிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அதற்கு வேறு பெயர் வைப்பதில் அர்த்தம் இல்லை.

ஜூலை முதல் வாரம் லினெட் என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாள். முதலாவது, கல்யாணம் பண்ணிக்கொள்ள வில்ஃப் அவளைக் கேட்டுவிட்டார், பர்ன்லி வாரத்துக்கு அவள் அம்மா வரும்போது சனிக்கிழமை சொல்லப்போகிறார்கள். நான் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். இரண்டாவது, அவளுக்கு எழுபதுக்கு மேல் தாங்கவில்லை.

“எங்க தெருவே வந்து உக்காந்திருக்கும். அம்மா, தங்கச்சி, தறியில கூட நிக்கிறவங்க எல்லாம். எழுபதுல நான் குழாயைத் தேடிப் போனா, ஓல்டம்காரன்கிட்ட தோத்த ஊருன்னு எங்க ஊரு என்னைக் காலத்துக்கும் சொல்லிக் காட்டும். நீங்க எப்படிச் செய்றீங்க? சொல்லித் தாங்களேன்.”

கேட்டாள், சொல்லிக் கொடுத்தேன். குழாயை விடுவதற்கு முன் முப்பது தடவை வேகவேகமாக ஆழமாக மூச்சு வாங்கி வாங்கி விடு, தலை லேசாகக் கிறுகிறுக்கும், பயப்படாதே, அதற்குப் பிறகு உடம்பு மூச்சுக் கேட்காது என்றேன். மறுநாள் பயிற்சியில் தொண்ணூறு வந்தது. அதற்கு மறுநாள் தொண்ணூற்றாறு. ஈரத் தலையோடு வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

“நீங்க மட்டும் இல்லன்னா நான் அம்போதான் ஆட்ரி,” என்றாள்.

நான் சொன்னது பொய் இல்லை. அப்படிச் செய்தால் உடம்பு மூச்சுக் கேட்காது. கேட்காது என்பதுதான் அதில் உள்ள சங்கதி. என் அண்ணன் கிளிஃப் கடற்படையில் மூழ்குவீரர். நான் இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் கிறிஸ்துமஸில் என்னைச் சமையலறையில் உட்கார வைத்துச் சொன்னார். “ஒண்ணு மட்டும் எந்தக் காலத்துலயும் செய்யாத. இழுத்து இழுத்து மூச்சு விட்டுட்டு உள்ள போகாத. உடம்பு ஏமாந்துரும். மூச்சு முட்டுதுன்னே தெரியாது. சுவிட்சை அமுக்குன மாதிரி அணைஞ்சிரும். ரெண்டு பேரை நான் வெளிய தூக்கியிருக்கேன். ரெண்டு பேரும் தூங்குற மாதிரி இருந்தானுங்க. கையக்கூட ஆட்டல.” இன்று நீச்சல் குளத்துச் சுவரிலேயே இதை எழுதிப் போடுகிறார்கள். அன்று சாண்ட்ஹோமில் அது எனக்கு மட்டுமே தெரியும். மூன்று கோடையில் நான் ஒரு தடவைகூட அப்படிச் செய்ததில்லை.

லினெட்டிடம் சொல்லும்போது கிளிஃப் சொன்னது நினைவில் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை இருந்தது. ஆனால் நினைவில் இருப்பதும் நினைத்துச் செய்வதும் ஒன்றல்ல என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நம்புவதற்கு வசதியாகத்தான் இருந்தது.

பர்ன்லி வாரம், புதன்கிழமை, மூன்று மணிக் காட்சி. மழை பெய்துகொண்டிருந்ததால் கூடம் நிறைந்துவிட்டது. நண்பகலில் பம்பின் பெல்ட் ஒருமுறை வழுக்கியது உண்மை. வில்ஃப் உடனே நிறுத்தி, புது பெல்ட் மாட்டி, அரைமணி நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் சாப்பிடவே போனார். அவர் வேலையில் குறை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மறுபிறவி எடுத்துத்தான் வர வேண்டும்.

அன்று திட்டில் காவல் என்னுடையது. என் முதுகுப் பக்கம் கொட்டகைச் சுவர். பம்பின் சத்தம் முதுகெலும்பில் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். சீராக ஓடிக்கொண்டிருந்தது.

லினெட் நன்றாகச் செய்தாள். கவிழ்ந்தாள், சுழன்றாள், கன்னத்தை உப்பினாள். முடிவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னபடி வேகவேகமாக மூச்சு வாங்கினாள். குமிழிகள் என் காலடியில் வந்து வெடித்தன. முப்பதுக்கு மேலேயே வாங்கினாள், ஆசை. பிறகு குழாயை விட்டுவிட்டு இறங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள். வாலில் ஈயம் தைத்திருக்கும், உட்கார்ந்தால் மிதக்காது.

எண்ண ஆரம்பித்தார்கள். ஊரே எண்ணியது. தாய்மார்கள் எண்ணினார்கள், தொப்பி போட்ட கிழவர்கள் எண்ணினார்கள். எழுபதைத் தாண்டியபோது கைதட்டல். தொண்ணூறில் டெஸ்மண்ட், “பர்ன்லி, பர்ன்லி, மெதுவா, கூரை வாடகைக் கூரை,” என்றார். நூற்று இரண்டைத் தாண்டியதும் பெஞ்சில் குதிக்கும் சத்தம் நான் நின்ற திட்டுவரை கேட்டது. ஓல்டத்தை ஜெயித்துவிட்டார்கள் அல்லவா.

நூற்று எட்டில் அவள் கையிலிருந்து சீப்பு நழுவியது.

அது மெதுவாகப் போய் மணலில் படுத்தது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, முடி முகத்தை மூடியது. கண்ணாடிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவள் கொஞ்சுவது போலத் தெரிந்திருக்கும். கை உச்சந்தலைக்குப் போகவில்லை. போகாது என்று எனக்குத் தெரியும்.

நான் குதிக்கவில்லை. சைகை இல்லை என்பது காரணம். விதி என்றால் விதி. மரண விசாரணையில் இதைச் சொன்னபோது விசாரணை அதிகாரி தலையசைத்தார். அது போதுமான பதிலாகத்தான் இருந்தது. ஆனால் இது விசாரணை இல்லை, உங்கள் தாள். எனவே மீதியையும் எழுதுகிறேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து என்று கேட்டுக்கொண்டே நின்றேன். கால் விரல்கள் திட்டின் விளிம்பைப் பிடித்திருந்தன. இப்போது குதித்தால் இருமிக்கொண்டே எழுந்துவிடுவாள் என்று தெரிந்தது. சனிக்கிழமை வரும் என்று தெரிந்தது. என் வாய் பிள்ளைகளோடு சேர்ந்து சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தது. நூற்று இருபத்தேழைத் தாண்டியதும் டெஸ்மண்ட் மைக்கில், “பூங்காவிலயே இதுதான் அதிகம், பர்ன்லி, இதுதான் அதிகம்,” என்று கத்தினார். என் எண் போய்விட்டது. அதற்காகக்கூட எனக்கு ஒரு சின்ன வருத்தம் வந்தது. நூற்று நாற்பதில் குதித்தேன்.

நான் உள்ளே வந்ததும் கைதட்டினார்கள். அடுத்த கட்டம் என்று நினைத்தார்கள் போலும். அவளைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் அவள் தலை தண்ணீருக்கு வெளியே வந்தது. அப்போதுதான் சத்தம் அடங்கியது. ஒரு குரல் மட்டும் எண்ணிக்கொண்டே இருந்தது. நூற்று அறுபத்தொன்று, நூற்று அறுபத்திரண்டு. அது அவள் தங்கை மரியான். ஒன்பது வயது. உங்கள் கண்காட்சிக்குப் படங்கள் தந்ததாகப் பெயர் போட்டிருக்கிறீர்களே, அதே மரியான்தான்.

வில்ஃப் ஓடி வந்து அவளைக் கவிழ்த்துப்போட்டு அழுத்தினார். டாக்டர் வரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். அவருடைய எண்ணெய்க் கை அவள் முதுகு முழுக்கப் பதிந்திருந்தது.

விசாரணையில் வில்ஃப்பிடம் பெல்ட்டைப் பற்றிக் கேட்டார்கள். நண்பகலில் வழுக்கியதை அவராகவே சொன்னார். யாருக்கும் தெரியாது, சொல்லாமல் இருந்திருக்கலாம். மூன்று மணிக்குப் பம்பு நிற்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியுமா என்றார்கள். அந்த நேரத்தில் சன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பம்பைப் பார்க்கவில்லை, சத்தியம் செய்ய முடியாது என்றார். அவர் அப்படித்தான்.

பிறகு என்னைக் கேட்டார்கள். நீங்கள் சுவரை ஒட்டி நின்றீர்கள், பம்பின் சத்தம் தொடர்ந்து கேட்டதா? குழந்தைகள் போட்ட கூச்சலில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றேன். நின்றது என்று நான் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று மட்டுமே சொன்னேன். பெண் குழாயைத் தேடிப் போனபோது காற்று வராமல் இருந்திருக்கலாம், பம்பு கவனிக்கப்பட்ட விதம் திருப்தியாக இல்லை என்று எழுதினார்கள். அவள் குழாயைத் தேடிப் போகவே இல்லை. நீங்கள் பழைய பேப்பரைப் பார்த்துத்தான் பலகை எழுதியிருக்கிறீர்கள், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில் பூங்காவை மூடினார்கள். மழைதான் காரணம், லினெட் இல்லை. வாசல் பலகையில் ‘பர்ன்லி 140’ என்று யாரோ அன்றே எழுதிவிட்டார்கள். அதை அழிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. மூடும்வரை அப்படியே இருந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வில்ஃப்புக்கு அதற்குப் பிறகு இந்தக் கடற்கரையில் எந்த இயந்திரத்தையும் தொடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பஸ் நிலையத்தில் தரை துடைக்கும் வேலைக்குப் போனார். அவரோடு பேச ஆள் இல்லை, நான் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி தொடங்கியது. 1973இல் கல்யாணம். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். “தங்கமான மனசு ஆட்ரிக்கு, வேற எவ கட்டிக்குவா?” என்று சிப்ஸ் கடையில் என் காதுபடவே சொன்னார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

நல்ல கணவர். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சில பழக்கங்கள் இருந்தன. கேஸ் குழாயை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பார், மூன்று தடவை, நான்கு தடவை. குளியல் தொட்டியில் உட்கார மாட்டார், நின்றபடியே குளிப்பார். நான் அதிக நேரம் குளித்தால் கதவைத் தட்டி, “ஆட்ரி, ஏதாச்சும் சொல்லு,” என்பார். ஏதாவது சொல்வேன். பிள்ளை வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. “என் கையில ஒரு உசுரைக் குடுக்காத கண்ணு, நான் எதையும் பத்திரமாப் பாத்துக்கிற ஆளில்ல,” என்றார். அதையும் ஏற்றுக்கொண்டேன். நான் கொடுத்த விலையும் கொஞ்சம் இல்லை என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

அந்த பெல்ட்டை ஒரு புகையிலை டப்பாவில் வைத்திருந்தார். வழுக்கியதை இல்லை, மூன்று மணிக்கு ஓடிக்கொண்டிருந்ததை. வருடத்தில் பலமுறை அதைச் சமையலறை மேசையில் வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார்.

“வெடிப்பே இல்லையே ஆட்ரி. புதுசு மாதிரி இருக்கு. எப்படி நின்னிருக்கும்?”

“அதை எடுத்து வை வில்ஃப். சாப்பாடு ஆறுது,” என்பேன்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனுஷன் நிமிர்ந்திருப்பார். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல முடியாது, அடுத்ததையும் கேட்பார். அதற்கடுத்ததையும் கேட்பார். பிறகு அவருக்கு யார் இருப்பார்கள்? என்னைத் தவிர அவருக்கு யாரும் இல்லை. அவருடைய நன்மைக்காகத்தான் நான் வாயைத் திறக்கவில்லை என்று உண்மையாகவே நம்புகிறேன்.

வருடந்தோறும் ஜூலையில் பர்ன்லிக்குப் பஸ் பிடித்துப் போய், லினெட்டின் அம்மா வீட்டு வாசலில் நின்றுவிட்டு வருவார். கதவு திறக்காது. அந்த அம்மா சாகும்வரை திறக்கவில்லை. ஒரே ஒரு வருடம் மரியான் வெளியே வந்து, “இனிமே வராதீங்க, அம்மாவுக்கு முடியல,” என்று சொல்லியிருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் தோளில் கை போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மனைவி வேறென்ன செய்ய முடியும்.

மரியானுக்கும் இந்தத் தாள்களைக் காட்டுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. போலீசுக்கும் காட்டலாம். நான் வீட்டில்தான் இருப்பேன், செவ்வாய்க்கிழமை மட்டும் முட்டி வைத்தியத்துக்குப் போவேன். பலகையில் என் பெயரைப் போட வேண்டுமென்றால் ஆட்ரி கிளெக் என்று போடுங்கள். ஹாரக்ஸ் என்று போட வேண்டாம். அது அவர் பெயர்.

கடைசியாக ஒன்று. பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில், காலை பத்து மணி இருக்கும், நர்ஸ் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போன பிறகு வில்ஃப் என் மணிக்கட்டைப் பிடித்தார். நுரையீரலில் நீர். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

“நீ அங்கதான நின்ன ஆட்ரி. சுவர்ல சாஞ்சுகிட்டு. நான் உன்கிட்ட ஒரு தடவகூட நேராக் கேட்டதில்ல. பயம். இப்பக் கேக்குறேன். பம்பு ஓடிச்சா?”

அவர் பிழைக்கப் போவதில்லை. என்னை விட்டுப் போகவும் எழுந்திருக்க மாட்டார். உண்மையைச் சொல்ல எந்தத் தடையும் இல்லாத ஒரே நேரம் அதுதான். நான் அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தேன்.

“அதுக்காக நான் உன்னை எப்பவோ மன்னிச்சுட்டேன் வில்ஃப்,” என்றேன்.

அவர் அழுதார். என் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நன்றி சொன்னார். முப்பத்தொன்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை.